கொள்ளும் எள்ளும் ரத்தப் பிரிவும்

ஈரோட்டில் அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லை வைத்து ஒரு வண்ணத்தாளை ஒட்டியிருந்தார்கள். ஓ, ஏ, பி, ஏபி என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று வரிசைகள். அத்தை பி பாசிட்டிவ். அவருடைய சிவப்பு வரிசையில் கோழி, தக்காளி, எள், நல்லெண்ணெய், வேர்க்கடலை, மக்காச்சோளம். மாமா ஓ, அவருக்குக் கோதுமையும் பாலும் ஆகாது, ஆட்டுக்கறி நிறையச் சாப்பிட வேண்டும். மருமகள் ஏ, அவள் கறிப்பக்கமே போகக்கூடாது. எடை குறைப்பதற்காக அத்தை போய்வந்த ஓரிடத்தில், எதையும் விசாரிப்பதற்கு முன்பே பிளட் குரூப்பைக் கேட்டு இந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். நான் போன அன்று காலை இட்லிப் பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். "நல்லெண்ணெய்ல அப்பிடி என்னதான் கெடக்குது கண்ணு?" என்று கேட்டார்.

அந்தத் தாளின் பூர்வீகம் அமெரிக்கா. ஜேம்ஸ் டி'அடாமோ என்ற இயற்கை மருத்துவர், ஒரே உணவு எல்லா நோயாளிகளுக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனித்து, அதற்கு ரத்தப் பிரிவே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். 1980-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவருடைய மகன் பீட்டர் டி'அடாமோவும் இயற்கை மருத்துவர். அவர் 1996-இல் வெளியிட்ட 'ஈட் ரைட் ஃபார் யுவர் டைப்' அப்பாவின் ஊகத்துக்கு வரலாறும் வேதியியலும் சேர்த்து, பல மொழிகளில் விற்றுத் தீர்ந்தது. அவர் சொன்ன கதை இது: ஆதி மனிதர் எல்லாரும் ஓ, வேட்டைக்காரர்கள், ஆகவே ஓ பிரிவுக்காரர் இறைச்சி உண்ண வேண்டும், தானியமும் பாலும் வேண்டாம். விவசாயம் வந்தபோது ஏ வந்தது, அவர்கள் மரக்கறிக்காரர்கள். இமயத்தை ஒட்டிய மேய்ச்சல் நாடோடிகளிடம் பி தோன்றியது. அவர்களுக்குப் பால், தயிர் ஒத்துக்கொள்ளும். ஏபி நேற்று வந்த பிள்ளை, சுமார் ஆயிரம் வருஷத்து வரவு. ஏ, பி இரண்டின் பட்டியலையும் அவர்கள் கலந்து சாப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இது சட்டென்று எடுபட்டதில் எனக்கு வியப்பில்லை. "இந்த உடம்புக்கு இது சேராது" என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி, கத்திரிக்காய் கரப்பான். வாத உடம்பு, பித்த உடம்பு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியே ஆளுக்கேற்ற உணவுப் பட்டியல்தான், இரண்டே கட்டங்களில். ஆனால் அந்தப் பழமொழி ஆளைப் பார்த்துச் சொல்கிறது. ஃப்ரிட்ஜ் தாள் ஆளைப் பார்க்கவே இல்லை, அட்டையைப் பார்க்கிறது. ரத்தப் பிரிவு ஏன் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டது என்பதற்கு என் விடை எளிமையானது: நம் உடம்பைப் பற்றி ஆய்வுக்கூடம் சொன்னவற்றில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான். பள்ளிக்கூட டைரியில் இருக்கிறது, ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது, கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டையில் இருக்கிறது. ஊசி போட வேண்டாம், செலவில்லை, ஆயுள் முழுக்க மாறாது. சோதிடத்துக்கு நட்சத்திரம் எப்படியோ, அப்படி. ஜப்பானில் இது சோதிடமாகவே ஆகிவிட்டது. ஃபுருகாவா தாகேஜி என்பவர் 1927-இல் ரத்தப் பிரிவையும் சுபாவத்தையும் முடிச்சுப் போட்டு எழுதியதில் தொடங்கிய பழக்கம் அது. 2011-இல் கடுஞ்சொல் பேசிப் பதவியை இழந்த அமைச்சர் ஒருவர், தான் பி பிரிவு என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

சரி, ரத்தப் பிரிவு என்றால்தான் என்ன? ரத்த தான முகாமில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஓட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல நிறத் திரவம், அடுத்ததில் மஞ்சள், மூன்றாவதில் நிறமற்றது. குச்சியால் கலக்கி ஓட்டை இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். திரவம் பொருந்தும் சொட்டில், பால் திரிவதுபோல ரத்தம் குருணை குருணையாகப் பிரியும். நீலத்தில் திரிந்தால் ஏ, மஞ்சளில் திரிந்தால் பி, இரண்டிலும் என்றால் ஏபி, இரண்டிலும் திரியாமல் வழவழவென்று நின்றால் ஓ. மூன்றாவது சொட்டு பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும். 1901-இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் தன் ஆய்வகச் சகாக்களின் ரத்தத்தை ஒன்றோடொன்று கலந்து பார்த்து ஏ, பி, ஓ மூன்றையும் பிரித்தறிந்தார். ஏபி அடுத்த வருஷம் அகப்பட்டது. அவருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் எந்தச் சர்க்கரை தொற்றியிருக்கிறது என்பதுதான் ஏ, பி வேறுபாடு. ஒட்டும் வேலையைச் செய்யும் நொதி, இரண்டிலும் நான்கே அமினோ அமிலங்களில் மாறுபடுகிறது. ஓ பிரிவில் அந்த நொதி வேலை செய்வதில்லை; பெரும்பாலான ஓ பிரிவுக்காரர்களிடம் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விழுந்துபோனதுதான் காரணம். இதை 1990-இல் யமாமோட்டோவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். இந்தச் சர்க்கரைகள் சிவப்பணுவில் மட்டும் இல்லை. குடலின் உட்சுவரிலும், ஐந்தில் நான்கு பேருக்கு எச்சிலிலும் உண்டு. ஆகவே ரத்தப் பிரிவுக்கும் வயிற்றுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று கேட்டது பைத்தியக்காரத்தனமான கேள்வி அல்ல. டி'அடாமோவின் கேள்வியில் எனக்குப் பிணக்கில்லை, விடைகளில்தான் பிணக்கு.

முதலில் வரலாறு. ஓ மூத்தது, மற்றவை பிற்பாடு வந்தவை என்பது தலைகீழ். ஓ என்பது கெட்டுப்போன ஏ. ஏ இல்லாமல் அது வந்திருக்க வழியில்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏ, பி இரண்டும் மனிதருக்கும் கிப்பன் குரங்குகளுக்கும் பொதுவாக வந்தவை, குறைந்தது 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்று காட்டியது. விவசாயத்துக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. ஏபி கதை இன்னும் வேடிக்கை. ஏ தாயும் பி தகப்பனும் சேர்ந்தால் அடுத்த தலைமுறையிலேயே ஏபி குழந்தை பிறக்கும். டி'அடாமோவின் கணக்குப்படி பி தோன்றிப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஏ அதற்கும் மூத்தது. ஏபி வருவதற்குக் கடைசி ஆயிரம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்றால், அதுவரை ஏ வீட்டுக்காரர்கள் பி வீட்டில் சம்பந்தமே வைத்துக்கொள்ளவில்லை என்று பொருள். நம் ஊர்ச் சாதிக் கட்டுப்பாடுகூட அத்தனை இறுக்கமாக இருந்ததில்லை.

பிறகு நிலப்படம். தென், நடு அமெரிக்கப் பழங்குடியினரிடையே ஓ ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. மக்காச்சோளத்தை மனிதப் பயிராக்கியவர்கள் அவர்கள், உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் அவர்கள் கைப்பக்குவமே. அந்த ஓ பிரிவுக்குத்தான் மக்காச்சோளமும் ராஜ்மாவும் ஆகாது என்கிறது தாள். வட அமெரிக்காவின் பிளாக்ஃபுட் மக்கள் காட்டெருமை வேட்டையாலேயே வாழ்ந்தவர்கள். அவர்களிடம் ஏ மிகுதி. ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடம் ஏயும் ஓவும் உண்டு, அவர்கள் ஏர் பிடித்ததில்லை. பி விஷயத்துக்கு வந்தால், முதல் உலகப் போரின்போது சலோனிகாவில் குவிந்திருந்த பல நாட்டுச் சிப்பாய்களின் ரத்தத்தை லுட்விக், ஹன்னா ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதி சோதித்து 1919-இல் எழுதினார்கள். ஐரோப்பியரிடம் ஏ மிகுந்தும், கிழக்கே போகப் போக பி பெருகியும், இந்தியச் சிப்பாய்களிடம் பி மிக அதிகமாகவும் இருந்தது. பி இந்தியாவில் தோன்றியிருக்கலாம் என்றுகூட அவர்கள் ஊகித்தார்கள். இன்றும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பி. எள்ளைப் பயிராக்கியது இந்தியத் துணைக்கண்டம். வீட்டுக்கோழியின் மூதாதை தெற்காசிய, தென்கிழக்காசியக் காட்டுக்கோழி. உலகிலேயே பி மிகுந்த வட்டாரம் உலகுக்குக் கொடுத்த கோழியையும் எள்ளையும், அந்த பிக்காரர்களே தொடக்கூடாதாம்.

வரலாறு தவறினாலும் வேதியியல் சரியாக இருக்கலாம் அல்லவா? அத்தை கேட்ட கேள்விக்கு டி'அடாமோ சொல்லும் விடை ஒரே சொல்: லெக்டின். விதைகளில் உள்ள ஒருவகைப் புரதம் அது. குறிப்பிட்ட சர்க்கரையைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், ரத்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். 1888-இல் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதைச் சாற்றில் இதைக் கண்டார். லெக்டின் என்று பெயரிட்டவர் வில்லியம் பாய்ட், 1954-இல். உங்கள் பிரிவுக்குப் பொருந்தாத உணவைத் தின்றால் அதன் லெக்டின் உள்ளே போய் ரத்தத்தைத் திரியச் செய்து, சிறுநீரகத்திலும் ஈரலிலும் தங்கிவிடும் என்பது வாதம்.

சில லெக்டின்கள் ரத்தப் பிரிவைப் பார்த்துப் பிடிப்பது உண்மை. அதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நம் கொள்ளு. 1951-இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் என்ற ஆய்வாளர், கொள்ளுச் சாறு ஏ பிரிவு ரத்தத்தைத் திரிக்கிறது என்று இந்தியாவின் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். ஏ பிரிவிலேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவு உண்டு. பக்குவமாக நீர்க்கவைத்த கொள்ளுச் சாறு ஏ1-ஐத் திரிக்கும், ஏ2-ஐ விட்டுவிடும். இன்றும் ரத்த வங்கிகளில் இந்த உட்பிரிவைப் பிரித்துப் பார்க்கக் கொள்ளு லெக்டின் குப்பி இருக்கிறது. குதிரைக்குப் போடுவது, சளிக்கு ரசம் வைப்பது, பத்தியக்காரனுக்குத் துவையல் அரைப்பது என்று நாம் அறிந்த அதே கொள்ளு.

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் தெரிந்த தம்பி ஒருவர் இதை எனக்குக் காட்டினார். தன் விரலிலேயே குத்தி ஒரு சொட்டு எடுத்து, கொள்ளுத் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தார். நான் நூறு எண்ணுவதற்குள் செம்மண் குழம்பில் கல் தெரிவதுபோல் ரத்தம் கட்டி கட்டியாகப் பிரிந்தது. அவர் ஏ1. "அப்ப கொள்ளு சாப்பிட மாட்டீங்களா?" என்றேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி. "எங்கூட்ல வாரத்துல ரெண்டு நாள் கொள்ளுப் பருப்புங்க. மறுநாள் அதே தண்ணில ரசம்," என்றார்.

அவர் ரத்தம் திரியாததற்குக் காரணம் குக்கர். லெக்டின் புரதம், நன்றாக வெந்தால் முட்டை வெள்ளைக்கரு ஆவதுபோல் உருக்குலைந்துபோகும். மிஞ்சியதில் பெரும்பகுதியை வயிறும் குடலும் பார்த்துக்கொள்ளும். தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களின் சாம்பல் மேடுகளிலும் குடியிருப்புகளிலும் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைக்கின்றன. பானையில் பருப்பு வேகவைக்கக் கற்றவர்களுக்கு லெக்டின் என்ற பெயர்தான் தெரிந்திருக்கவில்லை. சரியாக வேகாத ராஜ்மா வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும், அதுவும் லெக்டினின் வேலையே. ஆனால் ராஜ்மா லெக்டின் யாருடைய அட்டையையும் கேட்பதில்லை. எல்லாப் பிரிவு அணுவையும் ஒன்றாகவே ஒட்டும். வேர்க்கடலை விஷயத்தில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: தின்றவர் ரத்தத்தில் கடலை லெக்டின் சிறிதளவு தென்பட்டதாக 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆக, வயிற்றைத் தாண்டும் லெக்டினும் இருக்கிறது. ஆனால் அது பற்றும் சர்க்கரை ஏயும் அல்ல, பியும் அல்ல. டி'அடாமோவின் பட்டியலில் உள்ள உணவுகளில் ரத்தப் பிரிவு பார்க்கும் லெக்டின் உள்ளவை ஒரு கைக்குள் அடங்கும். கோழிக்கறிக்கும் தக்காளிக்கும் அவர் காட்டும் காரணத்துக்கு ஆய்வகத் துணை கிடையாது.

கடைசியாக, எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தவர்கள் உண்டு. 2013-இல் பெல்ஜியம் செஞ்சிலுவைச் சங்கத்து ஆய்வாளர்கள் 1,415 கட்டுரைகளைச் சலித்தார்கள். 16 தேறின. கேள்விக்கு நேராகப் பொருந்தியது ஒன்றே ஒன்று. அதுவும் ஏ, பி, ஓ பற்றியது அல்ல, எம்என்எஸ் என்ற வேறொரு பிரிவு முறையைப் பற்றியது. அடுத்த ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 1,455 பேரின் உணவுப் பழக்கத்தைப் புத்தகத்தின் நான்கு பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது. ஏ பட்டியல்படி சாப்பிட்டவர்களுக்கு இடுப்பளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் நன்றாகவே இருந்தன. ஏ பிரிவுக்காரருக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும். காய்கறி, பழம் மிகுந்த பட்டியல் அது. ஓவுக்கும் அதே பலன், பிக்கும் அதே பலன். எடை கூடிய 973 பேரிடம் அதே குழு பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்விலும் கதை மாறவில்லை. 2021-இல் அமெரிக்காவில், கொழுப்பு குறைந்த முழுத் தாவர உணவை 16 வாரம் உண்டவர்களில் 68 பேரின் ரத்தப் பிரிவைப் பார்த்தார்கள். தாவர உணவால் ஏ பிரிவுக்காரர் கூடுதலாக இளைக்கவும் இல்லை, ஓ பிரிவுக்காரர் பின்தங்கவும் இல்லை.

டி'அடாமோவும் சோதனை நடத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னவர்தான். 1996 புத்தகத்தில், புற்றுநோய் குறித்த தம் பத்தாண்டுச் சோதனை எட்டாம் ஆண்டில் நுழைகிறது, முடிவு இரண்டாண்டில் வந்துவிடும் என்று எழுதினார். அந்த முடிவு வந்து சேரவில்லை. அதற்குப் பதில் எச்சிலில் சர்க்கரை சுரப்பவரா இல்லையா என்ற உட்பிரிவும், பிறகு 2007-இல் வேறொரு புது வகைப்பாடும் புத்தகங்களாக வந்தன.

ரத்தப் பிரிவு உடம்பில் சும்மா கிடக்கும் முத்திரை என்று எண்ணிவிடவும் வேண்டாம். ரத்தம் உறையத் துணைசெய்யும் வான் வில்லிபிராண்ட் புரதம் ஓ பிரிவினரிடம் மற்றவர்களைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. ஆகவே காலில் ரத்தக்கட்டி வரும் அபாயம் அவர்களுக்குக் குறைவு, மாரடைப்பு அபாயமும் சற்றுக் குறைவு. வயிற்றுப் புற்றுநோய் ஏ பிரிவினரிடம் கொஞ்சம் கூடுதல் என்று பிரிட்டனில் அய்ர்டும் கூட்டாளிகளும் 1953-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, வயிற்றுப்புண் ஓ பிரிவினரிடம் கூடுதல் என்றார்கள். காலரா வந்தால் ஓ பிரிவினரைக் கடுமையாகத் தாக்கும். கங்கைக் கழிமுகத்தில் ஓ குறைந்திருப்பதற்கு நூற்றாண்டுகளாக வந்துபோன காலராவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். கடும் மலேரியாவிலோ ஓ தப்பிக்கும். நான்கு பிரிவுகள் உலகில் இப்படிப் பரவிக் கிடப்பதற்கு நம் முன்னோர் தின்றதைவிட நம் முன்னோரைத் தின்ற கிருமிகளே அதிகம் பொறுப்பு என்று தோன்றுகிறது. பம்பாயில் 1952-இல் பெண்டேயும் சகாக்களும் விவரித்த 'பம்பாய் பிரிவு' வேறு இருக்கிறது. இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. ஓட்டில் பார்த்தால் ஓ மாதிரி தெரியும், ஆனால் ஓ ரத்தத்தையும் ஏற்காது. அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று ஃப்ரிட்ஜ் தாளில் கட்டம் இல்லை.

உணவை ஆளுக்கு ஆள் பிரித்துவைக்கும் மரபணுக்கள் நிஜமாகவே உண்டு, அவை வேறு இடத்தில் இருக்கின்றன. பெரியவரான பின்னும் பால் செரிக்குமா என்பதை முடிவுசெய்யும் மரபணு இரண்டாம் குரோமோசோமில். ரத்தப் பிரிவு ஒன்பதாவதில். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் பிள்ளைக்குப் போகிறவை. வட இந்தியாவில் பால் செரிப்பவர் அதிகம், தெற்கே வரவரக் குறைவு, இதில் பிக்கு எந்தச் சலுகையும் இல்லை. கோதுமை நிஜமாகவே ஆகாத சீலியாக் நோய்க்காரருக்கு அடையாளம் ஆறாம் குரோமோசோமில். மது ஒரு மடக்குக்கே முகம் சிவந்துபோகும் கிழக்காசியர் கதை பன்னிரண்டாவதில். இவற்றுக்குத் தனித்தனிச் சோதனை வேண்டும், எதுவும் அலுவலக அட்டையில் அச்சிடப்படவில்லை. குடல் நுண்ணுயிர் பக்கம் மட்டும் கதவு திறந்திருக்கிறது. 2022-இல் பன்றிகளிடம், குடல் சுவரில் ஏ சர்க்கரை இருப்பதும் இல்லாததும் அங்கு வாழும் பாக்டீரியாவை மாற்றுகிறது என்று 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனிதரிடமும் இப்படிச் சில அடையாளங்கள் தென்படுகின்றன. அங்கிருந்து கோழிக்கும் நல்லெண்ணெய்க்கும் இன்னும் வெகுதூரம்.

அத்தையிடம் இதையெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன். "அப்பறம் எனக்கு மூணரைக் கிலோ எப்பிடிக் கொறைஞ்சுது?" என்று மடக்கினார். தாள் வந்த நாளிலிருந்து மாற்றியதை எல்லாம் சொல்லச் சொன்னேன். டீக்குச் சர்க்கரை நிறுத்தம், மைதா பரோட்டா நிறுத்தம், நாலு மணி மிக்சர் நிறுத்தம், காலையில் பக்கத்து வீட்டம்மாவுடன் நடை. எந்தப் பிரிவுக்காரர் செய்தாலும் மூன்று கிலோ இறங்கும் காரியங்கள். அந்தக் கணக்கில் சேராத செலவு ஒன்றும் இருந்தது: ஒரே அடுக்களையில் மூன்று பேருக்கு மூன்று சமையல். யார் சமைத்தது என்று நான் கேட்கவில்லை, மருமகள் முகத்திலேயே தெரிந்தது. மாமா விஷயம்தான் எனக்குக் கவலை. கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, புரதத்தைக் குறையுங்கள் என்று அவருடைய டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஓ பிரிவுக்கு ஆட்டுக்கறி என்று தாள் சொன்னதும் மனிதர் டாக்டரை மறந்துவிட்டார். நூற்றுக்கணக்கான உணவுகளை நிறம் பிரித்த அந்தத் தாளில் சிறுநீரகம் என்ற சொல்லே இல்லை. அவரிடம் பேச இன்னொரு சாயங்காலம் ஆயிற்று.

பொங்கலுக்குப் போனபோது இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் மிதந்தது. தக்காளி ரசமும் திரும்பியிருந்தது. கோழிக் குழம்பு மட்டும் அத்தை தட்டில் இல்லை. தாள்தான் பொய்யாகிவிட்டதே என்றேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணாலத்துக்கு முந்தியிருந்தே கோழி புடிக்காது கண்ணு. மாமங்கிட்டச் சொல்லிப்போடாத," என்றார்.